சர்க்கரை இல்லை என்று நான் எழுதிய சீட்டு

லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பதினோராம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். நீங்கள் பட்டமும் பட்டயமும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றும் இல்லை. நான்கு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. கண் மங்கி மைக்ராஸ்கோப்பில் உட்கார முடியாமல் வேலையை விட்டபோது, வழியனுப்புக் கூட்டத்தில் மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சொல்ல நினைத்தது அதுவல்ல. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. திருநகரிலிருந்து பஸ் ஏறி வந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நம் லேப் ஒரே அறை. வெளியே பார்க்க ஒரு சன்னல், சன்னலுக்கு அந்தப் பக்கம் சீட்டும் சாம்பிளுமாக வரிசை. சர்க்கரை பார்க்க நீலக் கரைசலில் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைப்போம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய்ச் செங்கல் நிறம் வந்தால் நிறைய. வேலை அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் பாட்டிலில் இருந்தது. ஹேர் ஆயில் பாட்டில், மை பாட்டில், சர்பத் பாட்டில் என்று எது கிடைத்ததோ அதில் ஜனங்கள் பிடித்து வருவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சமயநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருக்குச் செங்கல் நிறம் வந்தது. ஆள் திடகாத்திரமாக இருந்தார். எனக்கு ஏனோ சந்தேகம் தட்டி, அவருடைய பாட்டிலை மோந்து பார்த்தேன். நம் மருந்தகத்தில் கொடுத்த பூச்சி மருந்து சிரப்பின் வாசனை அடித்தது. அதே மாதிரிக் காலி பாட்டில் ஒன்றில் குழாய்த் தண்ணீரை ஊற்றிக் குலுக்கிக் கொதிக்க வைத்தேன். தண்ணீரும் சிவந்தது. சர்க்கரை மனுஷனிடம் இல்லை, பாட்டிலில்தான். லேபின் தலைமை டெக்னீசியன் எல்லாரையும் கூப்பிட்டு அந்தச் சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டி, "இந்தப் பிள்ளைக்கு இருக்கிற மூளை நமக்கு இல்லாமப் போச்சேய்யா" என்றார். அன்றிலிருந்து லேபில் ஒரு விதி வந்தது: இனிப்பு மருந்து பாட்டிலில் வந்த சாம்பிளுக்கு முடிவு எழுதக் கூடாது, வேறு பாட்டிலில் திரும்பக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். என்னால் வந்த விதி. வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, நான் அதுவரை பாராட்டு வாங்கியதில்லை. அந்த ஒரு வார்த்தையை ஆறு வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆறாவது வருஷத்தில்தான் ருக்மணி வந்தாள்.

செல்லூரில் நூலுக்குச் சாயம் ஏற்றித் தறி நெய்கிற குடும்பம். வீட்டுக்குள் சௌராஷ்டிர மொழி, வெளியே வந்தால் மதுரைத் தமிழ். அவளுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ராட்டையில் தார் சுற்றுவது, அதாவது தறிக்கு ஊடைநூல் சுற்றிக் கொடுப்பது, அவள் வேலை. சின்ன வயதிலிருந்தே வயிற்றுவலி வந்து வந்து போகும். பூச்சியும் விழும். இப்போது வலி கூடிப்போய், உடம்பு இளைத்து, வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

வரிசையில் நிற்கிறவர்கள் என்னிடம் பேசமாட்டார்கள், நானும் பேசமாட்டேன். ருக்மணி சீட்டை நீட்டும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"ஏக்கா, இதுல கொண்டாந்திருக்கேன், மூஞ்சியச் சுளிக்காம வாங்கிக்கிடணும்."

"சுளிக்க மாட்டேன். வைங்க."

"பேசுறீங்களே! எனக்கு முன்னாடி போன கெழவி, உள்ள இருக்குறது ஊமைன்னுல்ல சொல்லிட்டுப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லேபில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை.

மலத்தில் உருண்டைப் புழுவின் முட்டைகள் கணக்கில்லாமல் இருந்தன. கூடவே எண்ணெய்த் துளிகள், ஸ்லைடு முழுக்க மினுமினுவென்று. "விளக்கெண்ணெய் குடிச்சீங்களா?" என்று கேட்டேன். "பூச்சிக்குன்னு அம்மா ஞாயித்துக்கிழமைதான் ஊத்திவிட்டாங்க" என்றாள். சரிதான் என்று எண்ணெயை எழுதாமல், முட்டையை மட்டும் எழுதினேன். டாக்டர் பூச்சி மருந்து சிரப் கொடுத்தார். மறுவாரம் சிறுநீர் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார்.

அவள் அதைச் சிரப் பாட்டிலிலேயே கொண்டுவந்தாள். செங்கல் நிறம். விதிப்படி வேறு பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். அடுத்த வாரமும் அதே பாட்டில். பக்கவாட்டில் அளவுக்காக ஒட்டியிருந்த காகிதம்கூடப் போகவில்லை.

"வேற பாட்டில்ல கொண்டாங்கன்னு சொன்னேனே?"

"மூணு தடவ சாம்பல் போட்டுக் கழுவுனேங்க்கா. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி பாட்டில்லதான கொண்டாரணும்? எங்க வீட்டுப் பாட்டில்ல கொண்டாந்தா நல்லாவா இருக்கும்?"

சொன்னதில் மரியாதை இருந்தது. மறுபடி கொதிக்க வைத்தேன். மறுபடி செங்கல்.

"இன்னொரு தடவ வரச் சொல்லிராதீங்கக்கா. நான் வந்துட்டா அங்க தறி சும்மா நிக்கிது. எங்க அண்ணி வேற, 'ஒன் வயித்துல பூச்சியா இருக்கு, ஒரு பந்தியே உக்காந்திருக்கு'ங்குது. எம்புட்டுத் தின்னாலும் பசிக்கிதுக்கா. ராத்திரியில பான பானையாத் தண்ணி குடிக்கிறேன்."

இதைவிட ஒரு நோயாளி எப்படிச் சொல்லுவாள்? பசி, தாகம், இளைப்பு. ஆனால் பூச்சி இருக்கிற வயிறு பசிக்கும் என்று எல்லாரையும் போல நானும் நினைத்தேன். சிவப்பு, பாட்டிலால் வந்தது. எண்ணெய், விளக்கெண்ணெயால் வந்தது. பூச்சிக்கு அவள் வீட்டிலும் நாங்களும் செய்த வைத்தியமே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டது.

சுத்தமான குழாய் ஒன்றை அவள் கையில் கொடுத்து, "பின்னால போய் இப்பவே பிடிச்சுட்டு வாங்க" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. சன்னல் முன்னால் வரிசையாக ஆண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழ ஒரு வயசுப் பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளை இன்னொரு நாள் அலையவைக்கவும் மனம் வரவில்லை. சீட்டில் "சர்க்கரை: இல்லை" என்று எழுதி என் கையெழுத்துப் போட்டேன். விதியையும் நானே மீறினேன். அவளுக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தேன்.

"நல்லாருப்பீங்கக்கா, வாரேன்" என்று சீட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

ஐந்து வாரம் கழித்து, ஒரு மத்தியானம் இரண்டு மணி இருக்கும். அவசரமாக ரத்தம் எடுக்க வேண்டும், குரூப் பார்க்க வேண்டும் என்று பெண்கள் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். கட்டிலில் ருக்மணி கிடந்தாள். அவளுடைய அண்ணன் சைக்கிள் ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்து, வார்டு வாசலில் நின்றார். காலையிலிருந்து வாந்தி, தாங்க முடியாத வயிற்றுவலி. வயிறு பலகையாக இருந்தது. கண் செருகி, ஓடிவந்தவளைப் போல் மூச்சு வாங்கினாள்.

சர்ஜன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டார். "புழு திரண்டு குடல அடைச்சிருக்கு. திறந்துதான் ஆகணும். தியேட்டருக்குச் சொல்லுங்க." பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரம்மா பழைய சீட்டுகளைப் புரட்டி, "சுகர் இல்லைன்னு எழுதியிருக்கு சார்" என்றார். என்னைவிட எட்டுப் பத்து வயது சின்னவர்.

ரத்தம் எடுக்கக் குனிந்தபோது அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. அழுகத் தொடங்கிய பழத்தின் வாசனை. சர்க்கரை முற்றினவர்களின் சிறுநீரில் அந்த வாசனையை எத்தனையோ தடவை மோந்திருக்கிறேன். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் அவள் மேஜையிலேயே போய்விடுவாள்.

"சார்" என்றேன்.

"எடுத்தாச்சுல்ல? கொண்டு போம்மா, நிக்காத."

இரண்டு அடி நடந்தேன். ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்துகொண்டிருந்தது. இப்போது பேசாமல் லேபுக்குப் போய், தற்செயலாகத் தெரிந்தது போல் ஒரு சீட்டு எழுதி அனுப்பலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், வந்தது. அந்தச் சீட்டு வருவதற்குள் அவளைத் தியேட்டருக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

"அந்தச் சீட்டு பொய்!"

கத்திவிட்டேன். இத்தனை வருஷம் பேசாமல் வைத்திருந்த சத்தமெல்லாம் சேர்ந்து வந்தது போல இருந்தது. வார்டே திரும்பியது.

"எந்தச் சீட்டு?" என்றார் சர்ஜன்.

"சர்க்கரை இல்லைன்னு நான் எழுதுனது சார். ரெண்டு தடவையும் செவப்பாத்தான் வந்துச்சு. சிரப் பாட்டில்னு நெனச்சு இல்லைன்னு எழுதிட்டேன். மூச்ச மோந்து பாருங்க சார்."

டாக்டரம்மா குனிந்து மோந்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "டியூப் போட்டு யூரின் எடுங்க. அக்கா, நீங்க வெளக்க இங்கயே கொண்டாங்க."

ஸ்பிரிட் விளக்கைக் கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் வைத்துக் கொதிக்க வைத்தேன். டாக்டரம்மா இடுக்கியை வாங்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. செங்கல். சர்ஜன் அதைப் பார்த்துவிட்டு, "தியேட்டர் வேண்டாம்னு சொல்லிருங்க" என்று வெளியே போனார். இன்சுலினும் குளுகோஸ் இல்லாத உப்பு நீரும் ஏறத் தொடங்கின. விடியும்போது அவள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டதாக நர்ஸ் வந்து சொன்னார்.

நான்கைந்து நாள் கழித்து டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். முதுகெலும்புக்குக் குறுக்கே, கல் உப்பைக் கிள்ளித் தூவினது போல் வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"இதெல்லாம் கணையத்துல இருக்குற கல்லு. உருண்டைப் புழு குடல்ல சும்மா கிடக்காதுக்கா. சில பேருக்குக் கணையக் குழாய்க்குள்ள தலைய விட்டுரும். சின்ன வயசுலருந்து திரும்பத் திரும்ப வீங்கி வத்தி, வீங்கி வத்தி, கடைசியில இப்படி இறுகிரும். கொழுப்பச் செரிக்க வைக்கிற நீரும் அங்கதான் சுரக்குது, இன்சுலினும் அங்கதான் சுரக்குது. ரெண்டும் போச்சு."

"அப்ப அந்த எண்ணெய்..."

"செரிக்காத கொழுப்பு. விளக்கெண்ணெய் இல்ல."

நான் படத்தை இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன். டாக்டரம்மா தொடர்ந்தார்.

"புழுவாலதான் இவளுக்கு இப்படி ஆச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். சத்துள்ள சாப்பாடு இல்லாம வளந்ததும் காரணமா இருக்கலாம். புழுவே இல்லாம இப்படி ஆனவங்களும் இருக்காங்க. ஆனா இனி பூச்சி மருந்து குடுத்து இது திரும்பாது. ஆயுசுக்கும் ஊசிதான்." பிறகு படத்தை உறைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "அவகிட்ட நீங்களே சொல்லிருங்க. நாங்க சொல்றத விட அதுதான் முறை."

"சொல்றேன்" என்றேன்.

தலைமை டெக்னீசியன் பாட்டில் விதியை மாற்றினார். இனிமேல் எல்லாச் சாம்பிளும் லேப் கொடுக்கிற குழாயில் மட்டும். நீங்கள் இன்று பழக்கமாகக் கொடுக்கிற அந்தக் குழாய் இப்படித்தான் வந்தது. அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ருக்மணி எழுந்து நடமாட ஆரம்பித்ததும் சொல்லலாம் என்று வார்டுக்குப் போனேன். அவள் அம்மா இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் மொழியில் ஏதோ சொன்னார். "என்ன சொல்றாங்க?" என்றேன். ருக்மணி சொன்னாள்: "எங்கண்ணன் வாசல்ல நின்னு கேட்டுச்சாம்க்கா. பெரிய டாக்டரே வயித்தக் கிழிக்கப் போறப்ப, லேப் அக்கா கத்தி நிறுத்துச்சுன்னு வீட்டுல வந்து சொல்லிருக்கு. எங்க தெருவுக்கே நீங்கதான் இப்பக் கத."

அண்ணன் காதில் கத்தினது விழுந்திருக்கிறது. எதற்காகக் கத்தினேன் என்பது விழவில்லை. அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். என் வாழ்க்கையில் திரும்பக் கேட்டால் கிடைக்கும் என்றால் அந்த இரண்டு வருஷத்தைத்தான் கேட்பேன். செவ்வாய்க்கிழமைதோறும் அவள் சர்க்கரை பார்க்க வருவாள். வரிசை முடிந்ததும் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்துகொள்வாள். ஊசி போட ஆரம்பித்ததில் உடம்பு தேறி, கன்னம் பூசினாற்போல் இருந்தது. நூலுக்குச் சாயம் ஏற்றுகிற வீட்டுப் பெண் இல்லையா, குழாயைப் பார்த்து நிறம் அவள்தான் சொல்லுவாள்.

"இன்னிக்கு என்னக்கா, கிளிப்பச்சையா?"

"எலுமிச்சை மாதிரி இருக்கு. என்ன தின்னீங்க?"

"கல்யாண வீடுக்கா. ஒரே ஒரு ஜிலேபி."

"ஒன்னா?"

"ஒன்னு கண்ணுக்குத் தெரிஞ்சது. தெரியாதத நான் எண்ணலையே."

இப்படித்தான் பேச்சு. அவள் அம்மா மழைக்காலம் வந்தால் முள்ளுமுருங்கை அடை கொடுத்து விடுவார். வாழையிலையில் கட்டியிருக்கும், சூடு ஆறியிருக்காது. வீட்டில் என் தங்கையும் பிள்ளைகளும் தின்பதற்கு முன்னால் ஒன்றை எடுத்து ஒளித்து வைத்துக்கொள்வேன். அந்த வயதில் எனக்கு அப்படி ஒரு ஆசை. என்னைத் தேடி ஒருவர் வருகிறார் என்பது அதற்கு முன்னால் எனக்குத் தெரியாத சுகம். ஒவ்வொரு செவ்வாயும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே வருவேன். அவள் வந்து உட்கார்ந்ததும், அடுத்த வாரம் சொல்லலாம் என்று தோன்றும். இன்றைக்கும் பஸ் செல்லூர் வழியாகப் போனால், நூல் காய்கிற சந்துகளுக்குள் பார்வை தன்னால் போகிறது. இப்போது எனக்கு ஆள் முகம் தெரிகிற பார்வை இல்லை. நிறம் மட்டும் தெரிகிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை லேபில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கு அவள் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த அக்கா கண்ணுல தப்பாதுங்க. சர்ஜன் தப்புனதக்கூட இவங்க புடிச்சாங்க." அந்தப் பெண்கள் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அண்ணன் மகளுக்கும் பூச்சி விழுதுக்கா. வலின்னு சுருண்டுக்கிடுது. ஆறு வயசு. நாளைக்குக் கூட்டியாரேன். வேற யாரும் பாக்கக் கூடாது, நீங்கதான் பாக்கணும். நீங்க பாத்தா நாங்க நிம்மதியா இருப்போம்."

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. அந்தப் பெண்களை மருந்தகத்துக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தடவை சிவந்தது, எண்ணெயைப் பார்த்தும் எழுதாமல் விட்டது, 'இல்லை' என்று எழுதியது. "முதல் தடவையே ஒழுங்கா எழுதியிருந்தா நீங்க அந்த நெலமைக்குப் போயிருக்க மாட்டீங்க" என்றேன்.

அவள் கேட்டாள்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"அப்ப எனக்குத்தான் தெரியாது."

"சொல்லணும்னுதான் இருந்தேன் ருக்மணி."

"தப்பு எல்லாருக்கும் வரும்க்கா. என் தார்ல நூல் அந்து போகலையா? அதுக்கில்ல." அவள் குரல் ஏறவே இல்லை. "எங்கம்மா ரெண்டு வருஷமா ஒங்க பேரச் சொல்லித்தான் வெளக்கு ஏத்துது. அடை சுட்டா மொத அடை ஒங்களுக்குத்தான். அத எப்படிக்கா வாங்கிக்கிட்டீங்க?"

அவள் முக்காலியைச் சுவரோரம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

தம்பி தங்கைகளே, தவறு செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. செய்வீர்கள். டாக்டரிடம் சொன்னேனே, அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். யாருடைய உடம்பில் அந்தத் தவறு நடந்ததோ, அவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். அன்று சொல்லியிருந்தால் அவள் கோபப்பட்டிருப்பாள், அழுதிருப்பாள், அடுத்த செவ்வாய் வந்திருப்பாள் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். தவறை அவள் பொறுத்துக்கொண்டாள். வாங்கிக்கொண்ட நன்றியைத்தான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் குழந்தையை யாரும் கூட்டிவரவில்லை. பதினொரு மணிக்கு அவளுடைய அண்ணன் மட்டும் வந்தார். வேறு ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறோம் என்று சொல்லி, எக்ஸ்ரேயையும் பழைய சீட்டுகளையும் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்.